கடைசி வரிசைதான் உரைகல்

குவாலிஸ், இன்னோவா, கிரிஸ்டா, ஹைகிராஸ்: கால் நூற்றாண்டில் ஒரு குடும்ப வண்டி எதைப் பெற்றது, யாரை விட்டுவிட்டது?

கல்யாண மண்டபத்து வாசல், பழனி அடிவாரத்து வாகன நிறுத்தம், விமான நிலையத்தின் வருகைப் பக்கம் என்று தமிழ்நாட்டில் எங்கே நின்று பார்த்தாலும் கண்ணில் படுகிற வண்டி இன்னோவா. வாடகைக்கு வண்டி பேசும்போது, 'ஏழு பேர் போகிற மாதிரி வண்டி' என்று யாரும் சொல்வதில்லை. 'ஒரு இன்னோவா வேணும்' என்கிறார்கள். அ.தி.மு.க.வில் சேர்ந்த பேச்சாளர் நாஞ்சில் சம்பத்துக்கு அன்றைய முதல்வர் ஜெயலலிதா இன்னோவா ஒன்றைக் கொடுத்தது பல நாள் பேச்சாக இருந்தது. இவ்வளவு பழகிய வண்டியைப் பற்றி நாம் பேசுவதெல்லாம் டிரைவர் சீட்டிலிருந்துதான்: இழுவை எப்படி, மைலேஜ் எவ்வளவு, ரீசேல் என்ன விலை போகும். குடும்ப வண்டிக்கு இந்த அளவுகோல் போதாது. அந்த வண்டியில் மூன்றாவது வரிசை என்று ஒன்று இருக்கிறது. அங்கே உட்காருவது பெரும்பாலும் வீட்டுக் குழந்தைகள், கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள், 'நான் பின்னாடி உட்கார்ந்துக்கறேன்' என்று எல்லோரும் ஏறிய பிறகு ஏறும் இளைய மருமகள். பணம் கட்டுபவரும் சாவி வாங்குபவரும் அங்கே உட்காருவதில்லை. ஐந்து பேர் கார் ஒன்றைத் தாண்டி ஒருவர் இந்த வண்டிக்கு லட்சக்கணக்கில் கூடுதலாகக் கொடுப்பதே அந்த வரிசைக்காகத்தான். ஆகவே ஒவ்வொரு தலைமுறையையும் அங்கிருந்து பார்ப்பதே நியாயம். அப்படிப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது: இந்த வண்டியை நாம் எதற்காகக் கொண்டாடினோமோ, அதைக் கைவிட்ட பிறகுதான் கடைசி வரிசைக்கு விடிவு வந்தது.

சரக்கு வண்டியில் பிறந்த குடும்ப வண்டி

இந்த வம்சத்தின் வேர் இந்தோனேசியாவில் இருக்கிறது. 1977-ல் டொயோட்டா அங்கே 'கிஜாங்' என்ற பெயரில் ஒரு சிறிய சரக்கு வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கிஜாங் என்பது அந்த நாட்டில் ஒருவகை மானின் பெயர். வளரும் நாடுகளுக்கென்று மலிவான, எளிய, எதற்கும் வளைந்துகொடுக்கும் வண்டி ஒன்றைத் தருவதே நோக்கம். தட்டையான இரும்புத் தகடுகளை மடித்துச் செய்த பாடி. அடியில் உறுதியான சேஸி. அதன்மேல் யாருக்கு எது வேண்டுமோ அதைக் கட்டிக்கொள்ளலாம். சரக்குத் தொட்டி கட்டியவர்கள் போக, மூடிய பாடி கட்டி உள்ளே சீட் போட்டு ஆட்களை ஏற்றியவர்களும் நிறையப் பேர். 1981, 1986, 1997 என்று தலைமுறைகள் மாற மாற, ஆளேற்றும் கிஜாங்தான் அந்த நாட்டின் குடும்ப வண்டியாகவே ஆனது. கூட்டுக் குடும்பம், ரம்ஜானுக்குச் சொந்த ஊர் போகும் கூட்டம், குறைந்த வருமானம், மோசமான சாலை என்று அந்த நாட்டின் தேவைகள் எல்லாம் நமக்கும் பொருந்துபவை. இதை நினைவில் வைத்தால் பிறகு வந்தவை எல்லாம் புரியும். முதலில் சுமை, பிறகு அந்தச் சுமை இருந்த இடத்தில் மனிதர்கள் என்ற வரிசையில்தான் இந்த வண்டி வளர்ந்தது.

பெங்களூருக்கு அருகே பிடதியில் தொழிற்சாலை அமைத்த டொயோட்டா கிர்லோஸ்கர் நிறுவனம், 2000-ம் ஆண்டு ஜனவரியில் இந்தியாவுக்குக் கொடுத்த முதல் வண்டி குவாலிஸ். 1986-ல் இந்தோனேசியாவில் வந்த மூன்றாம் தலைமுறைக் கிஜாங்தான் அதன் அடிப்படை. இங்கே வந்தபோதே அது பழைய வடிவமைப்பு. 2.4 லிட்டர் டீசல் எஞ்சின் தந்தது 75 குதிரைத்திறன்தான். அன்று நம்மிடம் இருந்த மாற்று ஜீப் வகையறாவும் டாடா சுமோவும் என்பதால், சத்தமில்லாமல் ஓடி, ஒர்க் ஷாப் பக்கமே போகாத குவாலிஸை டிராவல்ஸ்காரர்கள் அள்ளிக்கொண்டார்கள். கால் சென்டர் ஊழியர்களை இரவில் வீடு சேர்த்ததும் அதுவே. கடைசி வரிசை மட்டும் சரக்கு வண்டிக் காலத்திலேயே நின்றது. பின்பக்கம் பட்டைப் பட்டையாக அடுக்கிய லீஃப் ஸ்பிரிங். பத்துப் பேர் ஏறும் ரகத்தில் பின்னால் எதிரெதிராக உட்காரும் பெஞ்சு. பக்கவாட்டில் உட்கார்ந்தவருக்கு சடன் பிரேக் போட்டால் பிடித்துக்கொள்ள எதுவும் கிடையாது. எத்தனை பேரை ஏற்றலாம் என்ற கேள்விக்குக் குவாலிஸ் நல்ல பதில் சொன்னது. ஏறியவர் எப்படிப் போய்ச் சேருவார் என்ற கேள்வியை அது எழுப்பவே இல்லை.

முகம் திரும்பிய வரிசை

விற்பனை நன்றாக இருந்தபோதே குவாலிஸை நிறுத்திவிட்டு, 2005 பிப்ரவரியில் இன்னோவாவை இறக்கியது நிறுவனம். ஹைலக்ஸ் என்ற சரக்கு வண்டி, பின்னாளில் இங்கே வந்த ஃபார்ச்சூனர், இன்னோவா ஆகிய மூன்றுக்கும் பொதுவாக, வளரும் நாடுகளை மனதில் வைத்து உருவாக்கிய சேஸிதான் அதற்கு அடிப்படை. பரம்பரைக் குணமான தனிச் சேஸி, பின்சக்கர இழுவை, டீசல் எஞ்சின் மூன்றும் அப்படியே இருந்தன. மேலே இருந்தவை முழுக்க மாறின. வளைந்த பாடி வந்தது. 102 குதிரைத்திறன் கொண்ட 2.5 லிட்டர் காமன் ரயில் எஞ்சின் வந்தது. நடு வரிசையில் கைப்பிடியோடு தனித்தனி கேப்டன் சீட் வந்தது. கடைசி வரிசைக்கு வந்தவை மூன்று. சீட் முன்னோக்கித் திரும்பியது. பின்னால் லீஃப் ஸ்பிரிங் போய் காயில் ஸ்பிரிங் வந்தது. கூரையிலிருந்து குளிர்காற்று நேராகக் கடைசி சீட்டுக்கும் இறங்கியது. மதுரையிலிருந்து கிளம்பி சென்னையில் இறங்கும்போது கடைசி சீட்டுக்காரரும் மனிதராக இறங்க முடிந்தது என்றால், அதற்குக் காரணம் இந்த மூன்றும்தான். இன்னோவாவின் புகழைப் பலரும் எஞ்சினின் ஆயுளுக்கே எழுதுகிறார்கள். குடும்பங்கள் அதை விரும்பியதில் இந்த மூன்றுக்கும் சம பங்கு உண்டு.

இன்னோவாவின் அடுத்த தலைமுறையாக 2016 மே மாதம் வந்த கிரிஸ்டாவின் தொடக்க விலையே 13 லட்சத்து 83 ஆயிரத்தைத் தொட்டது. இங்கே நாம் அளவுகளைக் கொஞ்சம் கூர்ந்து பார்க்க வேண்டும். முந்தைய வண்டியைவிட கிரிஸ்டா 15 சென்டிமீட்டர் நீளம். மொத்தம் 4,735 மில்லிமீட்டர். ஆனால் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையிலுள்ள வீல்பேஸ் 2005-ல் இருந்த அதே 2,750 மில்லிமீட்டர். ஆட்கள் உட்காரும் இடத்தைப் பெருமளவு தீர்மானிப்பது இந்த இடைவெளிதான். எஞ்சின் 102-லிருந்து 150 குதிரைத்திறனுக்கு ஏறியது; ஆட்டோமேட்டிக் ரகத்தில் 2.8 லிட்டரும் 174 குதிரைத்திறனும். டாஷ்போர்டு ஆடம்பரக் காருடையது போல மாறியது. அதாவது, முன்னால் உட்காருபவருக்கும் நடுவில் உட்காருபவருக்கும் கொட்டிக் கொடுத்த கிரிஸ்டா, பின்னால் இருப்பவருக்குப் பெரிதாக எதுவும் தரவில்லை. கால் வைக்கும் தரை உயர்ந்தே இருந்தது, முட்டி நெஞ்சை நோக்கி வந்தது, சீட்டை மடித்தால் அது ஜன்னலோரமாகத் தொங்கி பெட்டி வைக்கும் இடத்தைத் தின்றது. இதில் வடிவமைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்களுடைய கையைக் கட்டிப்போட்டது சேஸி.

தடையாக நின்ற சேஸி

தனிச் சேஸி கொண்ட வண்டியில் முதலில் இரண்டு நீண்ட இரும்புத் தண்டவாளங்கள், அதன்மேல் பாடி, அதற்கும் மேலேதான் தரை. எஞ்சின் நெடுக்குவாட்டில் முன்னால் உட்காரும். அங்கிருந்து பின் அச்சுவரை புரொப்பெல்லர் ஷாஃப்ட் நீளும். பின்னால் இரண்டு சக்கரத்தையும் இணைத்து, நடுவில் கிரவுன் பெட்டியைச் சுமந்த கனமான அச்சு. பள்ளத்தில் இறங்கும்போது இந்த அச்சு முழுசாக மேலே எழும்ப வேண்டும். அதற்கும் இடம் விட்டுத்தான் தரை போட வேண்டும். கடைசி வரிசை இருப்பது அச்சுக்கு நேர் மேலே. தரையைத் தாழ்த்த வழியில்லை, சீட்டை உயர்த்தினால் தலை கூரையில் இடிக்கும். மிச்சம் இருப்பது, காலை மடக்கிக்கொண்டு உட்காரும் ஒரே வழிதான். எஞ்சினைக் குறுக்குவாட்டில் வைத்து, முன்சக்கரத்தையே இயக்கி, சேஸியையும் பாடியையும் ஒரே கூடாக இணைத்துவிட்டால் இந்தச் சிக்கல்களில் பெரும்பகுதி கரைந்துவிடும். இதற்குச் சான்று தேடி வெளிநாடு போக வேண்டாம். 2012-ல் அப்படிப்பட்ட அமைப்போடு வந்த மாருதி எர்டிகாவின் வீல்பேஸ் 2,740 மில்லிமீட்டர். இன்னோவாவைவிட வெறும் ஒரு சென்டிமீட்டர் குறைவு. 2018-ல் வந்த அதன் இரண்டாம் தலைமுறையின் நீளமோ 4,395 மில்லிமீட்டர்தான். கிரிஸ்டாவைவிட 34 சென்டிமீட்டர் குட்டை. ஏறக்குறைய அதே சக்கர இடைவெளியை ஓரடிக்கும் மேல் குறைவான நீளத்தில் ஒரு சின்ன வண்டி தர முடிந்தது என்றால், வீணான இடம் எங்கே இருந்தது என்பது சொல்லாமலே விளங்கும்.

2022 நவம்பரில் அறிமுகமான ஹைகிராஸ் இந்த முடிச்சை அவிழ்த்தது. தனிச் சேஸி போயிற்று, புரொப்பெல்லர் ஷாஃப்ட்டும் கனத்த பின் அச்சும் போயின, டீசலும் போயிற்று. நீளம் கிரிஸ்டாவைவிட 2 சென்டிமீட்டர்தான் கூடியது. வீல்பேஸோ 10 சென்டிமீட்டர் கூடி 2,850 ஆனது. அந்தப் பத்தில் பெரும்பங்கு பயணிகளின் காலுக்குப் போனது. தரை தாழ்ந்ததால் புடவை கட்டிய பெண்களும் மூட்டுவலிக்காரர்களும் ஏறி இறங்குவது எளிதானது. கடைசி வரிசை முன்னோக்கி மடிகிறது. ஜன்னலில் தொங்கும் தொல்லை இல்லை. மூன்று வரிசையும் நிமிர்ந்திருக்கும்போதே பின்னால் 300 லிட்டர் இடம் கிடைக்கிறது. 2 லிட்டர் பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டார் சேர்ந்த ஹைபிரிட் ரகம் மொத்தம் 186 குதிரைத்திறன் தருகிறது; அரசுச் சோதனையில் சான்று பெற்ற மைலேஜ் லிட்டருக்கு 23.24 கிலோமீட்டர். ஊருக்குள் நின்று நின்று போகும்போது மோட்டார் மட்டும் ஓடுவதால் எஞ்சின் இரைச்சலும் அதிர்வும் அடங்குகின்றன. மலைப்பாதையில் பின்சீட்டுக் குழந்தைகள் வாந்தி எடுப்பதற்கு வளைவில் வண்டி சாய்வதும் பின்பக்கம் குலுங்குவதும் முக்கியக் காரணங்கள். ஒற்றைக் கூடு வண்டி சாய்வதும் குறைவு, குலுங்குவதும் குறைவு.

மறுப்புகளும் அவற்றின் நியாயமும்

இதை ஏற்காதவர்கள் நிறையப் பேர். அவர்கள் முன்வைக்கும் முதல் வாதம் உழைப்பு. மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடியும் எஞ்சினில் கை வைக்காத இன்னோவாக்கள் நம் ஊரில் சாதாரணம். எந்த ஊர் மெக்கானிக்கும் அதைப் பிரித்து மாட்டுவார். ஹைபிரிட் வண்டியைத் தொட அவர் தயங்குவார். இதில் உண்மை இருக்கிறது. ஷோரூம் சர்வீஸ் எட்டாத ஊரில் இருப்பவர்கள் இதை அலட்சியப்படுத்தக் கூடாது. ஆனால் ஹைபிரிட் என்பது நேற்று முளைத்த நுட்பம் என்ற எண்ணம் தவறு. டொயோட்டாவின் பிரியஸ் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது 1997 டிசம்பரில். பல நாடுகளில் அது டாக்ஸியாகவே ஓடித் தேய்ந்திருக்கிறது. அந்த அமைப்பில் தேய்ந்துபோகும் கிளட்ச் பிளேட் இல்லை. எஞ்சினையும் மோட்டாரையும் ஒரு பிளானட்டரி கியர் தொகுதி இணைக்கிறது. வேகம் குறையும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி வண்டியை இழுத்துப் பிடிப்பதால் பிரேக் பேடும் மெதுவாகவே தேய்கிறது. பேட்டரிக்கு நிறுவனம் தரும் உத்தரவாதம் 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர். ஆண்டுக்குப் பதினைந்தாயிரம் கிலோமீட்டர் ஓட்டும் குடும்பத்துக்கு அந்த 8 ஆண்டும் கவலையில்லாமல் கழியும். மூன்று லட்சம் கிலோமீட்டர் என்பது டிராவல்ஸ் தொழிலுக்கு வேண்டிய கணக்கு. வீட்டுக்கு வேண்டியது வேறு.

இரண்டாவது வாதம் மலையேற்றம். ஏழு பேரும் பெட்டியும் ஏறிய வண்டி மேட்டில் ஏறும்போது பாரம் பின்னால் சாயும். அப்போது பின்சக்கரத்துக்குப் பிடிமானம் கூடும், முன்சக்கரத்துக்குக் குறையும். எனவே பின்சக்கர இழுவையே சிறந்தது என்பார்கள். இயற்பியல் சரிதான். மண்பாதையிலும், மழையில் வழுக்கும் எஸ்டேட் சாலையிலும் கிரிஸ்டாவுக்கு உள்ள பலம் ஹைகிராஸுக்குக் கிடையாது. ஆனால் நாம் குடும்பத்தோடு போவது வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளிலோ, கொல்லிமலையின் 70 வளைவுகளிலோதான். எல்லாம் தார்ச் சாலை. அங்கே முன்சக்கர வண்டி திணறுவதில்லை. மோட்டார் நின்ற இடத்திலிருந்தே முழு விசையைக் கொடுப்பதால் வளைவில் வேகம் குறைந்து மறுபடி எடுப்பதும் சுலபம். எஸ்டேட்டில் இருப்பவருக்குக் கிரிஸ்டா இன்னும் இருக்கிறது. 2022 ஆகஸ்டில் டீசல் முன்பதிவை நிறுத்திய நிறுவனம், 2023-ல் 2.4 லிட்டர் மேனுவல் ரகத்தில் மட்டும் கிரிஸ்டாவைத் திரும்பக் கொண்டுவந்தது. பழைய அமைப்பைக் கேட்பவர்கள் இருந்தார்கள் என்பதற்கு இதுவே சாட்சி. அதேசமயம் டீசலை நம்பி அடுத்த தலைமுறையை வடிவமைக்க முடியாது என்பதும் உண்மை. 2015 டிசம்பரில் தலைநகர் டெல்லியிலும் சுற்றுப்புறத்திலும் 2,000 சி.சி.க்கு மேற்பட்ட டீசல் வண்டிகளைப் பதிவு செய்ய உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2016 ஆகஸ்ட் வரை அந்தத் தடை நீடித்தது. அதைச் சமாளிக்கக் கிரிஸ்டாவுக்கு அவசரமாகப் பெட்ரோல் எஞ்சின் தேட வேண்டியிருந்தது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது மாருதி டீசலையே கைவிட்டது. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதில் சந்தேகமில்லை.

மூன்றாவது வாதம்தான் வலுவானது: விலை. ஹைகிராஸ் அறிமுக விலை 18 லட்சத்து 30 ஆயிரத்தில் தொடங்கி ஏறக்குறைய 29 லட்சம்வரை போனது. மின்சாரத்தில் நீளும் கால்தாங்கி, கண்ணாடிக் கூரை, கேமராக்கள் என்று சேர்த்த வசதிகளில் பெரும்பாலானவை முதலிரண்டு வரிசைகளுக்கானவை. சரக்கு வண்டியாகத் தொடங்கி, ஆசிரியரும் கடைக்காரரும் சேர்த்த பணத்தில் வாங்கும் வண்டியாக வளர்ந்த வம்சம், இன்று முதலாளிகளை ஏற்றும் வண்டியாகிவிட்டது. இந்தக் குற்றச்சாட்டுக்கு என்னிடம் மறுப்பு இல்லை. கடைசி வரிசைக்கு வந்த நியாயம், அதைப் பெற வேண்டிய குடும்பத்தின் கைக்கு எட்டவில்லை. அந்தக் குடும்பம் எர்டிகாவுக்கும் கியா காரன்ஸுக்கும் போய்விட்டது. ஆனால் இதிலிருந்து, பழைய சேஸியையே வைத்திருக்கலாம் என்ற முடிவு வராது. எர்டிகா பத்தாண்டுக்கு முன்பே காட்டியபடி, தாழ்ந்த தரையும் நீண்ட சக்கர இடைவெளியும் ஆடம்பரப் பொருட்கள் அல்ல. விலையை ஏற்றியது ஹைகிராஸின் அடிப்படை அமைப்பு என்பதைவிட, அதன்மேல் ஏற்றிய அலங்காரமும் ஹைபிரிட்டும் வரியும் என்பதே சரி.

வரியைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் அமலான ஜி.எஸ்.டி. மாற்றத்தின்படி, 4 மீட்டருக்குள் அடங்கி எஞ்சினும் சிறிதாக இருக்கும் காருக்கு 18 சதவீதம். அதைத் தாண்டிய எல்லாவற்றுக்கும் 40 சதவீதம். மின்சாரக் காருக்கு 5 சதவீதம். வரி நீளத்தைப் பார்க்கிறது, எஞ்சினைப் பார்க்கிறது. எத்தனை பேர் உட்காருகிறார்கள் என்பதைப் பார்ப்பதே இல்லை. ஐந்து பேர் போகும் சின்ன எஸ்.யு.வி.க்கு 18, ஏழு பேர் போகும் எர்டிகாவுக்கு 40. ஒரே பயணத்தை இரண்டு காரில் போகாமல் ஒரே வண்டியில் போகும் குடும்பம் சாலைக்கும் காற்றுக்கும் நன்மையே செய்கிறது. அதற்குத்தான் அதிக வரி. இந்த எல்லைக்குள் அடங்க முயன்றதன் விளைவு, சென்னைக்கு அருகே ஒரகடத்தில் தயாராகும் ரெனோ டிரைபர். 4 மீட்டருக்குள் ஏழு சீட்டை அடக்கியது நல்ல பொறியியல்தான். ஆனால் ஒரு வரி விதிக்காகக் கடைசி வரிசையைச் சுருக்க வேண்டிய நிலை ஏன் வர வேண்டும்?

நான்காவதாக ஒரு கேள்வி வரும். அதே ஒரகடத்திலிருந்து 2015-ல் வந்த ரெனோ லாட்ஜி ஒற்றைக் கூடு அமைப்பும் விசாலமான கடைசி வரிசையும் கொண்டது. விலையும் இன்னோவாவைவிடக் குறைவு. அது ஏன் தோற்றது? கடைசி வரிசை அவ்வளவு முக்கியம் என்றால் மக்கள் அதையல்லவா வாங்கியிருக்க வேண்டும்? நியாயமான கேள்வி. சர்வீஸ் வசதி, பெயர், ரீசேல் ஆகிய மூன்றிலும் இன்னோவாவுக்கு இருந்த நம்பிக்கை லாட்ஜிக்கு இல்லை என்பது பதிலின் ஒரு பாதி. மறுபாதி, தேர்ந்தெடுப்பவர் கடைசி வரிசையில் உட்காருவதில்லை என்பதுதான். ஷோரூமில் ஓட்டிப் பார்ப்பவர் ஒருவர், நடுவில் சாய்ந்து பார்ப்பவர் இன்னொருவர். பின்னால் ஏறிப் பத்து நிமிடம் உட்கார்ந்து பார்ப்பவர் அபூர்வம். சந்தையில் தோற்றதால் தேவை இல்லை என்று ஆகிவிடாது. கேட்கத் தெரியாதவர்களின் தேவையைச் சந்தை எப்போதும் கடைசியாகத்தான் கேட்கும்.

இன்னும் பாக்கி இருப்பது

பாதுகாப்பிலும் இதே கதைதான். 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் மோதல் சோதனையில் ஹைகிராஸ் 5 நட்சத்திரம் பெற்றிருக்கிறது. பாராட்ட வேண்டிய விஷயம். ஆனால் அந்தச் சோதனையில் பெரியவர் அளவு பொம்மைகளை வைப்பது முன்சீட்டில். குழந்தை பொம்மைகளை வைப்பது இரண்டாம் வரிசையில். மூன்றாம் வரிசையில் பொம்மை கிடையாது. ஏழு பேர் வண்டிக்குக் கிடைக்கும் நட்சத்திரம், பின்னால் இருப்பவர்களைப் பற்றி நேரடியாக எதுவும் சொல்வதில்லை. பின்கதவுக் கண்ணாடிக்குச் சில அங்குலம் முன்னால் தலை வைத்து உட்காருபவர்கள் அவர்கள். பின்னாலிருந்து லாரி மோதினால் முதல் அடி அவர்களுக்குத்தான். மூன்று வரிசை வண்டிகளுக்குக் கடைசி வரிசையையும் சேர்த்து மதிப்பெண் தரும் முறையை அரசு கொண்டுவர வேண்டும். வரியை நீளத்தால் அளப்பதை விட்டு, ஏழு பேர் வண்டிக்குத் தனிப் படிநிலை வைக்க வேண்டும். நிறுவனங்கள் கண்ணாடிக் கூரையைக் குறைத்து, எளிய, விலை குறைந்த ஹைபிரிட் ரகம் ஒன்றைக் குடும்பங்களுக்குத் தர வேண்டும். இம்மூன்றும் செய்யக்கூடியவையே.

தீர்ப்பு இதுதான்: குவாலிஸ் ஆட்களை ஏற்றியது, இன்னோவா அவர்களை முன்னோக்கித் திருப்பி உட்காரவைத்தது, கிரிஸ்டா முன்னால் இருப்பவர்களைக் கவனித்தது, ஹைகிராஸ் கடைசி வரிசைக்கு இடம் கொடுத்தது, கூடவே விலையால் பல குடும்பங்களை வெளியே நிறுத்தியது. உடையாத சேஸிக்காகவும் சாகாத டீசலுக்காகவும் நாம் ஏங்குவது புரிகிறது. அந்த ஏக்கத்தின் விலையைக் கட்டியது பின்சீட்டில் முட்டியை மடக்கி உட்கார்ந்தவர்கள். ஏழு பேர் வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்த நிறுவனத்தின் வண்டியானாலும், முன்பணம் கட்டும் முன் வீட்டில் கடைசி வரிசையில் உட்காரப் போகிறவரைக் கூட்டிப் போங்கள். அவரைப் பின்னால் ஏற்றி, பத்துக் கிலோமீட்டராவது ஓட்டிப் பாருங்கள். சீட் பெல்ட் அந்த வரிசையில் எல்லோருக்கும் எட்டுகிறதா, தலைக்குத் தாங்கி இருக்கிறதா, குளிர்காற்று வருகிறதா என்று அவரையே கேளுங்கள். அவர் சரி என்று சொன்ன பிறகு கையெழுத்துப் போடுங்கள்.